சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் ஆறாண்டுகள் படித்தவள். இப்பொழுது சிரம்பான் பட்டணத்தில் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள். வயது பதினாறு. தினமும் விடியற்காலை இருட்டில் பஸ்ஸைப் பிடிக்கத் தெமியாங் சாலைவரை அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போகிற பிள்ளை.

"சார், இங்கிலீஷ் டீச்சர் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. அமெரிக்காவுல கறுப்பர்கள் உரிமைக்காகப் போராடினாங்களே, அதனால இன்றைய இளைஞர்களுக்கு என்ன கிடைச்சதுன்னு எழுதணும். நான் அமெரிக்காவைப் பார்த்ததே இல்லையே சார், நான் என்னத்த எழுதுறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் கதையைச் சொல்லு, நீ என்ன படித்தாய் என்றேன். அவள் ஒழுங்காகப் படித்துத்தான் வந்திருந்தாள்.

1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்னும் பட்டணம். அங்கே பஸ்ஸில் முன்பக்கம் வெள்ளையருக்கு, பின்பக்கம் கறுப்பருக்கு. நடுவில் உட்கார்ந்திருக்கும் கறுப்பர், வெள்ளையர் ஏறி இடமில்லாமல் நின்றால், எழுந்துவிட வேண்டும். அன்று ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயதுத் தையற்காரப் பெண்மணி எழுந்திருக்க மறுத்தார். கைது செய்யப்பட்டார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்பொழுது 26 வயது.

"இன்னொண்ணும் இருக்கு சார்," என்றாள் பெண். "ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாசத்துக்கு முன்னாலயே, அதே ஊர்ல, கிளாடெட் கோல்வின்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லியிருக்கு. போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. ஆனா அந்தப் பொண்ணு பேரை யாரும் பெருசாச் சொல்றதே இல்ல."

உண்மைதான். அந்தச் சிறுமியைத் தலைவர்கள் முன்னிறுத்தவில்லை. ஆனால் பஸ்ஸில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1956இல் தீர்ப்பு வந்ததே, அந்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. அவள் மீது பதியப்பட்ட குற்றம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது எப்பொழுது தெரியுமா? 2021இல். பதினைந்து வயதில் விழுந்த கறை, எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் துடைக்கப்பட்டது.

"சரி அம்மா, நீ அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். கிள்ளானுக்குப் போனால் போதும்," என்றேன் நான்.

* * *

வாசகர்களே, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றித் தெரியும்? பெரியவர்களாகிய நம்மில்தான் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பொழுது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல விலை. ஆனால் பால் மரம் சீவியவனுக்கு நாட்கூலி ஐம்பது காசு அளவில்தான். அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். ஏன் என்று கேட்க நாதியில்லை. அந்த நேரத்தில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோன்றியது. ஆர். எச். நாதன் என்னும் பத்திரிகையாளர் அதன் முன்னணியில் நின்றார். தோட்டம் தோட்டமாகச் சங்கம் கட்டினார்கள். தலையில் காந்தி குல்லாய் அணிந்துகொண்டு தொழிலாளர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. கூலி உயர்வு மட்டுந்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படியில்லை. சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, நோயாளிகளுக்குச் சரியான வைத்தியம் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். எங்கள் பெண்களிடம் மேலுள்ளவர்கள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றார்கள். பேசவும், கூடவும், சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும் என்றார்கள். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்றார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள்.

அந்தப் பட்டியலில் ஒன்று என் மனத்தை எப்பொழுதும் குடைந்துகொண்டே இருக்கும். துரையோ, மேலுள்ள சிப்பந்தியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் அன்று இருந்தது. எங்களைச் சைக்கிளிலேயே போகவிடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள்!

யோசித்துப் பாருங்கள். சைக்கிளை விட்டு இறங்குவதால் ஒரு காசு நட்டமில்லை. வயிற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் அதையும் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள். ஒருவன் வயிறு நிறைந்தால் மட்டும் மனிதனாகிவிட மாட்டான் என்பது எழுத்தறியாத அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. மாண்ட்கோமரியில் பஸ் இருக்கை. கிள்ளானில் சைக்கிள் இருக்கை. நம்மவர் கேட்டது பதினான்கு ஆண்டுகள் முன்னால்.

கேட்டதற்கு என்ன கிடைத்தது? 1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள். பலர் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதன் பிறகு சயாம் ரயில்பாதைத் துயரம் வந்து, இந்தக் கதை மேல் மண் விழுந்து மூடிவிட்டது.

* * *

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"சார், எங்க தாத்தாவோட அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துலதான் மரம் வெட்டினாராம். ஏதோ கலாட்டான்னு வேலையை விட்டுத் துரத்திட்டாங்கன்னு தாத்தா சொல்லுவாரு. பாய், பானை சட்டியோட இந்தப் பக்கம் வந்துட்டாங்களாம். அது இந்தக் கலாட்டாதானா சார்?"

இருக்கலாம் அம்மா, தாத்தாவிடமே கேள் என்று அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்துடன் திரும்பி வந்தாள். தாத்தா முதலில் வாயைத் திறக்கவில்லையாம். பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்து, வாசலில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாராம். ஆம், அதே வேலைநிறுத்தந்தான். அவருடைய அப்பா குல்லாய் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர்தான். தாத்தா பிறந்தது போருக்குப் பிறகு, நம் நெகிரி செம்பிலானில்.

அந்த நோட்டில் அவள் தன் கையால் எழுதியிருந்ததை, அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"என் கொள்ளுத்தாத்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றார். அதற்காக வீட்டை இழந்தார். என் தாத்தாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இப்போது துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. ஆனால் மேனேஜர் கார் வந்தால் தாத்தா இன்றைக்கும் சைக்கிளை நிறுத்தி இறங்கி ஓரமாக நிற்கிறார். யாரும் அவரை இறங்கச் சொல்வதில்லை. மேனேஜர் கவனிப்பதுகூட இல்லை. ஏன் தாத்தா என்றால், 'எங்கப்பா இறங்கலே, நாங்க நடுரோட்டுல நின்னோம்' என்கிறார். போராட்டத்தினால் இளைஞர்களுக்கு என்ன கிடைத்தது என்று டீச்சர் கேட்கிறார். எங்கள் வீட்டுக்கு உரிமையும் வந்திருக்கிறது, பயமும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடமிருந்துதான் வந்திருக்கின்றன. நான் எதை எடுத்துக்கொள்வது?"

இருபது ஆண்டுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். பதினாறு வயதுப் பிள்ளை எழுதிய இந்த ஐந்தாறு வரிகளைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனாரும் ஆபீஸ் படியேறுமுன் செருப்பைக் கழற்றிக் கீழே விடுவார். நான் சிறு வயதில் அதை மரியாதை என்றே எண்ணியிருந்தேன். கிராணியும் அதே படியில் செருப்புடன்தான் ஏறுவார் என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

* * *

உரிமை என்பது ஒருவர் கொடுத்து நாம் வாங்குவதல்ல. அது கைமாறிக் கைமாறி வருவது.

தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சிறை சென்றவர்களில் ஒருத்தி வள்ளியம்மை. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்துப் பெண். சிறையில் காய்ச்சல் கண்டு, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். வயது பதினாறு! ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர் மீது விதித்த தலைவரியை எதிர்த்தும், இந்தியர் திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்தும் நடந்த போர் அது. அந்த அறப்போர் முறையைத்தான் பின்னர் மார்ட்டின் லூதர் கிங் படித்து ஏற்றுக்கொண்டார். 1959இல் இந்தியாவுக்கே வந்து போனார். தில்லையாடிப் பெண்ணிடமிருந்து காந்தியடிகளுக்கு, அவரிடமிருந்து கிள்ளான் தொழிலாளியின் தலைக்குல்லாய்க்கு, அங்கே அமெரிக்கப் பஸ்ஸுக்கு. அமெரிக்கக் கதை நமக்கு அந்நியக் கதை அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கேயும் கிள்ளானோடு கதை முடிந்துவிடவில்லை. போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் மீண்டும் எழுந்தன. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். வேறு வழியில் நடந்தவர் பி. பி. நாராயணன். அவர் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது நம்முடைய நெகிரி செம்பிலானில்தான் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்றபொழுது, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக்காரன் சேர்த்த காசு ஒன்றுகூடித் தோட்டத்தையே வாங்கியது. மாதச் சம்பளம் கேட்டுப் பல்லாண்டு போராடினோம். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் மாதம் 900 வெள்ளியாக நம் தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளி ஆயிற்று. இது போதுமா என்றால் போதாது. ஆனால் ஐம்பது காசிலிருந்து இதுவரை வந்த ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் எழுந்திருக்க மறுத்திருக்கிறார், யாரோ ஒருவர் சைக்கிளிலேயே இருந்திருக்கிறார்.

* * *

இனி, இந்தக் கதையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். 22 ஆண்டு வேலை. நிலம் வீடமைப்புக்காக விற்கப்பட்டுவிட்டது. வேலை நிறுத்தப்படுவதாக மலாய் மொழியில் ஒரு கடிதம் வந்தது. கூடவே இன்னொரு தாள்: இவ்வளவு தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்குக் கேட்க ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்தின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது தேவையுமில்லை, இது பல இடங்களில் நடக்கிற காரியம்.

தாத்தா, "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடுப்பா. கொடுக்கிறதை வாங்கிக்குவோம். வம்பு பண்ணினா வீட்டையும் உடனே காலி பண்ணச் சொல்லிடுவான்," என்றார். தகப்பனார் பேனாவை எடுத்துவிட்டார். பெண்தான் தாளை வாங்கிப் படித்தாள். "அப்பா, நாளைக்குப் போடுங்க," என்று மட்டும் சொன்னாளாம். அந்த ஒரு ராத்திரி அவகாசத்தில் என்னிடம் ஓடி வந்தாள்.

நான் சட்டம் படித்தவனல்ல. ஆனால் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டில் வந்த வேலைநிறுத்த நட்டஈட்டு விதிகளின்படி, இப்படி வேலை போனால் இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் கூலி. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள் கூலி. ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் கூலி. இதற்குக் குறையக் கூடாது. தோட்டம் கைமாறி, புதிய முதலாளி பழைய சலுகைகள் குறையாமல் வேலை தர முன்வந்தால் வேறு கணக்கு. இங்கே அப்படி இல்லை.

பெண் கணக்குப் போட்டாள். 22 பெருக்கல் 20. 440 நாள் கூலி. தாளில் எழுதியிருந்த தொகை அதில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை!

மறுவாரம் சிரம்பானில் உள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்துக்குப் போனோம். தகப்பனார், பெண், நான். புறப்படும்போது தாத்தாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. அவர் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் மகனுடைய முதல் மாதச் சம்பளச் சீட்டிலிருந்து ஒன்று விடாமல் அடுக்கி வைத்திருந்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா காகிதத்தைத் தூக்கிப் போடக்கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு," என்றார். 22 ஆண்டு வேலைக்கு அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

அதிகாரி மரியாதையாகப் பேசினார். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்தோம். தாத்தா சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி இரண்டாம் தடவையும் சொன்னார். தாத்தா அசையவில்லை. பேத்தி எழுந்து போய்த் தாத்தாவின் கையைப் பிடித்து, "தாத்தா, இங்க யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க. உட்காருங்க," என்றாள். அவர் நாற்காலியின் விளிம்பில், விழுந்துவிடுவார் போல, உட்கார்ந்தார். புகார் எழுதி முடிக்கும்வரை டின்னை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

புகார் பதிவாகியிருக்கிறது. விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். முடிவு என்னவாகும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். தகப்பனார் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதுவே இன்றைய நிலை. லயத்தில் இன்னும் நான்கு குடும்பங்கள், தங்கள் தாளையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் வந்திருக்கின்றன. அவள் ஒரு பக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, ஒரு பக்கம் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள்.

"கட்டுரையை முடித்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"முடிச்சுட்டேன் சார். டீச்சர் ஒரு கேள்வி போட்டுத் திருப்பிக் குடுத்திருக்காங்க. பயத்தை என்ன செய்தாய்னு."

"என்ன எழுதினாய்?"

"பயம் இன்னும் இருக்கு. ஆனா தாத்தா அந்த டின்னைத் தூக்கி வீசலயே, அதனால அவரு முழுசாப் பயந்தவரு இல்லேன்னு எழுதினேன் சார்."

* * *

வாசகர்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம், ஏன் வந்தோம் என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, வேலைக் கடிதம், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். புரியாத மொழியில் எதைக் கொடுத்தாலும், படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்வது குற்றமல்ல.

மூன்றாவது, சங்கத்தையும் இலாகாவையும் அணுக வெட்கப்படாதீர்கள். கிள்ளான் தொழிலாளி கேட்டபோது அவனுக்குக் கதவே இல்லை. நமக்குக் கதவு இருக்கிறது; தட்டுவதற்குத்தான் கை தயங்குகிறது.

நேற்று மாலை பள்ளி முடிந்து வருகையில் அந்தத் தாத்தாவைச் சாலையில் பார்த்தேன். பின்னால் மேனேஜரின் கார் வந்தது. தாத்தா வழக்கம்போல் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் ஊன்றினார். கார் கடந்து போயிற்று. ஆனால் இருக்கையை விட்டு அவர் இறங்கவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.